இரண்டு வரிக்கு மேல் கூடாது

பென் டிரைவைக் கையில் தந்தபோது
டென்னிசன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்:
ஒரு அட்டைக்கு இரண்டு வரி.
மிஞ்சினால் வடசேரி டியூஷன் சென்டர் மாடியில்
கடைசி பெஞ்சில் இருக்கிறவருக்கு
எழுத்து தெரியாது.

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் படம். பேச்சு கிடையாது.
பெயர் சொல்லாத ஒரு நகரத்தில் விடாத மழை.
ஒரு வங்கி. ஒரு இரும்புப் பெட்டி.
அதன் வயிற்றில் காது வைத்துத் திறக்கிற ஒருவன்.
தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுகிற துப்பறிவாளன்.
நடுநடுவே கறுப்பில் வெள்ளையாய்
நாற்பத்தொரு இங்கிலீஷ் அட்டை.
அவற்றைத் தமிழாக்க வேண்டும் நான்,
பகலெல்லாம் பத்மநாபபுரம் கோர்ட்டில்
தட்டச்சு அடிக்கிற இதே விரலால்.

முப்பதாவது அட்டையில் மாட்டிக்கொண்டேன்.

திருடனோடு வாழ்கிறவளை
ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள்.
அவள் பேசுகிறாள்.
கழுத்து நரம்பு புடைக்க, மேசையைத் தட்டி,
இடையில் எதற்கோ ஒருமுறை சிரித்து,
கைக்குட்டையைத் துணி பிழிவதுபோல் பிழிந்து
பேசிக்கொண்டே இருக்கிறாள்.
கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை நிமிஷம்.
அப்புறம் அட்டை வருகிறது:
'நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.'

அவ்வளவுதான்.

ரோஸ்லெட்டும் அப்படித்தான் பேசினாள், சித்திரையில்.
திருவட்டாறு பக்கம் ஒரு புகைப்புரையில்
நாற்பத்திரண்டு ரப்பர் ஷீட் காணாமல்போன வழக்கு.
அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மூன்றாம் சாட்சி.
பூதலிங்கம் வக்கீல் கேட்டது ஒரே ஒரு கேள்வி.
அவள் பையனுக்கு வந்த காய்ச்சலில் தொடங்கினாள்.
டார்ச்சில் கட்டை தீர்ந்தது,
முதலாளி மூன்று மாசமாய்ப் பிடித்துவைத்த கூலி,
சுமையோடு போகிறவன் மூச்சு
இருட்டில் எந்தப் பக்கமிருந்து வந்தது,
எல்லாம் சொன்னாள்.
"எனக்க கண்ணு கொண்டு நான் கண்டில்ல சாரே,
ஆனா எனக்க மூக்குக்குத் தெரியும்."
கோர்ட்டே சிரித்தது.
ஐயா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்:
'சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை.'

மூக்கை எங்கே வைப்பது?
யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த விசாரணைக் காட்சியில் இன்னொருத்தி உண்டு.
திரையின் இடது ஓரத்தில்,
தோளில் பாதி வெட்டுப்பட்டு ஒரு டைப்பிஸ்ட்.
தலை நிமிர்வதில்லை.
பேசுகிறவளின் வாய் அசைகிற நேரமெல்லாம்
இவள் விரல் ஓடுகிறது.
மூன்று தடவை வரி மாற்றுகிறாள்.
எண்ணினேன். அப்படியானால் குறைந்தது நாலு வரி.
நிறுத்தி, பெரிதாக்கி, மேலும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காகிதம் வெறும் வெளிச்சமாய் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி திரையிட்டோம்.
தகரக் கூரையில் நம்மூர் மழை,
படத்துக்குள் அவர்கள் மழை.
சத்தம் மட்டும் நம்முடையது.
பாதியில் லேப்டாப் திணறி
என் தமிழ் ஒரு அட்டை பின்தங்கிவிட்டது.
துப்பறிவாளன் மேசையில் குத்தி வாய் திறக்கிறான்.
கீழே:
'நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.'

மாடியே கைதட்டியது.
டென்னிசன் வயரைப் பிடித்து உலுக்கினான்.
இருக்கட்டும் விடு என்று சொல்ல வந்தேன்,
மழையில் அவனுக்குக் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை சாட்சிப்படி வாங்க
ரோஸ்லெட் வந்தாள்.
கையெழுத்துப் போட்டாள், நோட்டை மடித்துச் செருகினாள்.
போகவில்லை.
என் மேசை வரைக்கும் வந்தாள்,
அவளோடு புளித்த ரப்பர் பாலின் வாடையும்.
"நான் பறஞ்சது முழுசும் உண்டா அதுல?"

உண்டு என்றேன்.

ஒரே சொல். எந்த அட்டையிலும் அடங்கும்.

அவள் என்னையே பார்த்தபடி
ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.
ஜலதோஷமாக இருக்கலாம்.